நிலம் எடுத்தவர்

திருவரங்குளம் போகிற சாலையில் ஒரு கண்மாய் இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒரு தடவை எழுதியதே போதும். எத்தனையாவது மைலில் இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். படிக்கிறவர்களில் யார் எந்த ஆபீஸில் வேலை பார்க்கிறீர்களோ, எனக்கென்ன தெரியும்?

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. சட்டைக்குத் துணி கொடுத்தால், தையற்காரர் வெட்டி முடிக்கிற வரைக்கும் கடையை விட்டு நகரமாட்டேன். கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது, உள்ளே எத்தனை சக்கரம் இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். இந்தக் குணத்தால் நான் எத்தனை தடவை ஏமாறாமல் தப்பித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தக் குணத்தால் இன்னொருத்தியின் பிழைப்பு ஒரு தடவை கெட்டது. அது நன்றாகத் தெரியும்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டையைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. நான் ஒரு ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். மலாயாவிலிருந்து வந்த என் மைத்துனர் எனக்கு ஒரு பெட்டிக் காமிரா கொடுத்தார். கறுப்புத் தோல் ஒட்டிய தகரப் பெட்டி, இடுப்புயரத்தில் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும், ஒரு சுருளுக்கு எட்டுப் படம் விழும். இவ்வளவு நல்ல பொருளை இந்த மனிதர் எனக்கு எதற்குக் கொடுக்கிறார் என்று ஒரு வாரம் யோசித்தேன். காரணம் பிடிபடவில்லை. பிறகு உபயோகிக்க ஆரம்பித்தேன்.

மனிதர்களை எடுக்க எனக்கு விருப்பமில்லை. காமிராவைக் கண்டதும் எல்லாரும் வேறு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். குன்று, கண்மாய், பனை, பொட்டல் இதெல்லாம் நடிக்காது என்று நினைத்தேன். ஐப்பசியில் மூன்று சுருள் எடுத்து முடித்தேன். கீழ ராஜ வீதியில் அப்போது ஒரு ஸ்டுடியோ இருந்தது. அதை நடத்தியவர் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வந்த ராவுத்தர், கிட்டத்தட்ட என் வயதுக்காரர். படங்களைக் கழுவிக் கொடுத்தபோது அவர் முகத்தில் சிரிப்பை அடக்குகிற தினுசு தெரிந்தது.

"என்ன பாய்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். வானத்துக்கும் தரைக்கும் பாகப்பிரிவினை பண்ணி வச்சிருக்கீங்க. எல்லாப் படத்துலயும் சரிபாதியாக் கோடு."

பார்த்தேன். மேலே பாதி வெள்ளை, கீழே பாதி சாம்பல். கண்ணால் பார்த்தபோது நெஞ்சை அடைத்த குன்று, படத்தில் ஒரு மாத்திரை அளவுக்குத் தூரத்தில் கிடந்தது. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இவர் பழைய மருந்தில் கழுவியிருக்கிறார், இல்லாவிட்டால் என் படத்தை வேண்டுமென்றே வெளுக்க வைத்திருக்கிறார். படம் வரைகிறவன் காமிராவையும் கற்றுக்கொண்டால் இவர் தொழில் என்ன ஆகும்? அடுத்த சுருளை எடுத்துக்கொண்டு திருச்சிக்கே பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெரிய ஸ்டுடியோவில் கொடுத்தேன். அதே வெள்ளை, அதே சாம்பல், அதே மாத்திரைக் குன்று.

திரும்பி வந்து ராவுத்தர் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். திருச்சிக்குப் போனதைச் சொல்லவில்லை. அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"மருந்து சரியா இருந்துச்சா சார்?" என்று கேட்டுவிட்டு, கோபமில்லாமல் மூன்று விஷயம் சொன்னார். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், காலை வெயில் சாய்ந்து விழும்போது எடுங்கள், அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும். படத்துக்கு முன்னால், காலுக்குக் கிட்டத்தில், கண் முதலில் போய் உட்கார ஏதாவது ஒரு பொருள் இருக்கட்டும். ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். இதை இவர் எனக்கு இலவசமாக ஏன் சொல்கிறார் என்று அன்றைக்குப் பூராவும் மனம் குடைந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் பேச்சும் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவர் "கல்யாணம் எடுக்கப் போறேன்" என்பார், "குழந்தையை எடுத்தேன், அழுதுடுச்சு" என்பார். நானும் "குன்றை எடுத்தேன்", "பனையை எடுத்தேன்" என்று பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஒரே இடம் என்று நான் பிடித்ததுதான் அந்தக் கண்மாய். தை மாதம் தண்ணீர் வற்றி உள்வாங்கிக்கொண்டிருந்தது. வற்றிய இடத்தில் ஈர வண்டல், அதற்கப்பால் ஒரு கீற்றுத் தண்ணீர், அக்கரையில் ரெட்டைப் பனை. வண்டலில் பாத்தி கட்டி வெள்ளரி போட்டிருந்தார்கள். கொடி அப்போதுதான் நாலு இலை விட்டிருந்தது.

காமிராவை யாரும் பார்த்து ஆசைப்பட்டுவிடக் கூடாது என்று துண்டில் சுற்றி ஒரு மஞ்சள் பைக்குள் வைத்திருந்தேன். வெறும் ஆளாகக் கரையில் நின்று அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தார். நாற்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"யாருங்க? என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லம்மா. எடுக்கலாம்னு வந்தேன்."

"எத?"

"இந்த எடத்தத்தான். நெலம், தண்ணி எல்லாத்தையும்."

அவர் முகம் மாறியது. "நெலத்த எடுக்கவா வந்திருக்கீங்க?"

"ஆமா" என்றேன்.

"எம்புட்டு எடுப்பீங்க?"

நல்ல கேள்வி, படம் தெரிந்த பொம்பளை என்று நான் சந்தோஷப்பட்டேன். இரண்டு கை விரல்களையும் சட்டம் மாதிரி சேர்த்துக் காட்டினேன். "இங்கிட்டு இந்த வேலியிலேர்ந்து அங்கிட்டு அந்த ரெட்டப் பனை வரைக்கும். இன்னிக்குச் சும்மா பாத்துட்டுப் போறேன். அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து எடுக்குறேன்."

"யாரு அனுப்புனா உங்கள?"

"யாரும் அனுப்பல. எனக்கே ஒரு ஆசை."

"எங்க கொல்லை மேல உங்களுக்கு என்னங்க ஆசை? அவுக கொழும்புக்குப் போயி எட்டு வருசமாக் கடுதாசி இல்ல. ரெண்டு பொம்பளப் புள்ளைக. இந்த வெள்ளரிதான் கோடை முடிய எங்களுக்குச் சோறு."

இதை எதற்கு என்னிடம் சொல்கிறார் என்று விளங்கவில்லை. ஏதோ உதவி கேட்கப்போகிறார் என்று நினைத்து ஜாக்கிரதையானேன். "கொல்லைய நான் என்னம்மா பண்ணப் போறேன்? எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு விடியும்போது போய்ச் சேர்ந்தேன். கரையில் நாலைந்து பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. நான் நடந்தால் அவர்கள் தலை திரும்பியது, நின்றால் நின்றது. காமிராவை எடுத்துப் பிடித்ததும் ஓர் ஆள் இரண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு குறுக்கே போனார். எருமை போய் முடிந்ததும், அதே எருமைகள் திரும்பி வந்தன. ஒரு படமும் எடுக்காமல் கிளம்பினால் சைக்கிளில் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. புதுக்கோட்டை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த ஊரார் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் அழகுக்காகப் போனவன், அதற்குப் பிறகு பிடிவாதத்துக்காகப் போனேன்.

மூன்றாவது ஞாயிறு அந்த அம்மாளே வாயைத் திறந்தார். "சர்க்கார் எடுக்குதா, இல்ல நீங்க சொந்தமா எடுக்குறீங்களா? அதையாச்சும் சொல்லிருங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வருஷம் பக்கத்து ஊரில் ரோடு போட நிலம் எடுத்திருந்தார்கள். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் முழுக்க 'எடுக்கிறது' என்றால் ஒரே அர்த்தம்தான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். காமிராவை அவர் முன்னால் நீட்டி, இதுதான் எடுக்கும், போட்டோ, படம் பிடிக்கிற பெட்டி என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"அங்க நெலம் எடுத்தப்பவும் முக்காலியில ஒரு பெட்டிய வச்சுக் குனிஞ்சுதான் பாத்தாக" என்றார்.

திங்கட்கிழமை இதை ராவுத்தரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்களிடம் நடித்தே காட்டினேன். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து "எம்புட்டு எடுப்பீங்க" என்று கேட்டதை அவர் குரலிலேயே சொன்னபோது எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

மாசியில் கொடி படர்ந்து மஞ்சள் பூ விட்டது. வெளிச்சம் இருந்தது, தண்ணீர் இருந்தது, பனை இருந்தது. முன்னால் வைக்கத்தான் பொருள் இல்லை. கொல்லையின் மேல் ஓரத்தில் முள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள், கருவேல முள். ஒரு நாள் அதற்குள்ளே கல் ஒன்று சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். செதுக்கின கல், முழங்கால் உயரம். படத்துக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. அதன் பக்கம் போனதும் அந்த அம்மாள் ஓடி வந்தார்.

"முள்ளக் கிளறாதீங்க. ஆடு வந்து மேயும்."

"கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, திரும்ப வச்சிருறேன்மா."

"வேணாங்க. சொன்னாக் கேளுங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், என் படத்தைக் கெடுப்பதற்கென்றே இந்தப் பொம்பளை முள்ளைப் போட்டு வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவர் ஆலங்குடிச் சந்தைக்குப் பிஞ்சு கொண்டுபோகிற நாள் எது என்று விசாரித்தேன். அன்றைக்கு விடியுமுன்னே போய் முள்ளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். கையெல்லாம் கீறல். கொல்லையில் யாருமில்லை.

வெயில் கிளம்பிச் சாய்வாக வந்து கல்லின் மேல் விழுந்தது. உச்சி வெயிலில் தெரியாத ஒரு வெட்டு அதில் எழுந்து நின்றது, ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும். கல்லை இடது மூலையில் கிட்டத்தில் வைத்தேன். அதற்கு அப்பால் வெள்ளரிக் கொடியும் பூவும், அதற்கு அப்பால் தண்ணீர்க் கீற்று, உச்சியில் ரெட்டைப் பனை. வானத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முள்ளை வாரித் திரும்பப் போடவேண்டும் என்று நினைத்தேன், ஆனால் பள்ளிக்கூட மணி நினைவுக்கு வந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ராவுத்தர் அந்தப் படத்தைக் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "சார், இதப் பெருசாப் போட்டு முன்னாடி கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கட்டுமா?" என்றார்.

எனக்குப் பெருமை ஒரு நிமிஷம்தான் நின்றது. சந்தேகம் வந்துவிட்டது. கடைக்கு முன்னால் இருக்கிற படத்தைக் கடைக்காரர் எடுத்தது என்றுதானே ஊர் நினைக்கும்? இவர் வேண்டுமென்றுதான் கேட்கிறார். நாளைக்கு ஏதாவது போட்டிக்கே அனுப்பி வைத்தாலும் வைப்பார். "வைங்க பாய், ஆனா நான் அதுல எழுதிக் குடுப்பேன்" என்றேன். பெரிதாக்கின படத்தின் அடியில் வெள்ளை விளிம்பு விட்டிருந்தார். நான் நல்ல பேனாவும் கறுப்பு மையும் கொண்டுபோய், பள்ளிக்கூடத்துப் போர்டெல்லாம் எழுதுகிற அதே கையால், முத்து முத்தாக எழுதினேன். கண்மாயின் பெயர். மாசி மாதம், தேதி, வருஷம். 'எடுத்தவர்' என்று போட்டு என் பெயர். இனிமேல் யாரும் திருட முடியாது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். கடை வாசலிலேயே ராவுத்தர் என்னை நிறுத்தினார்.

"நேத்து ஒரு ரெவின்யூக்காரரு குடும்பத்தோட படம் எடுத்துக்க வந்தாரு சார். வெளிய காத்துக்கிட்டு நின்னவரு உங்க படத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. நல்லா இருக்குன்னு பாக்குறாருன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு தாள் கேட்டு வாங்கி, கீழ எழுதியிருந்தத அப்டியே எழுதிக்கிட்டாரு. சமஸ்தானத்துல நட்ட எல்லைக்கல்லாம் அது. காணாமப் போச்சுன்னு ரொம்ப வருசமாத் தேடுறாகளாம். கல்லுக்கு இந்தப் பக்கம்தான் பட்டாவாம். அந்தப் பக்கம் பயிர் வச்சா கண்மாய்க்குள்ள வச்ச மாதிரியாம்."

வெள்ளரி முழுக்க அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. என் படத்தைப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும், அவ்வளவு தெளிவாக எடுத்திருந்தேன்.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் எனக்கு அவர் மேல்தான் சந்தேகம்.

"நான் என்ன சார் சொல்ல? எல்லாத்தையும் நீங்களே எழுதி வச்சிருந்தீங்க."

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். படத்தில் இருப்பது அந்தக் கண்மாய் இல்லை, பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் நான் வெட்கப்படாத பொய் அது ஒன்றுதான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உங்க கையெழுத்து ஊருக்கே தெரியும் சார். நீங்க போய்த் தப்பா எழுதுவீங்களா?" என்று சிரித்தார். நேற்றே ஆள் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று என்றும், கல் வெளியே நன்றாகத் தெரிகிற மாதிரிதான் இருந்தது, தேடவே வேண்டியிருக்கவில்லை என்றும் சொன்னார். முள்ளைத் திரும்பப் போடாமல் வந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வாங்கி, துண்டில் சுற்றி அதே மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். தலையாரி ஆட்களோடு வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். கொடியெல்லாம் வேரோடு இழுத்துக் குவித்துக் கிடந்தது. பாத்திகளை மிதித்துத் தட்டையாக்கியிருந்தார்கள். கல்லை நேராக நிமிர்த்திச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த அம்மாள் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாடின கொடியிலிருந்து விரல் நீளப் பிஞ்சுகளைப் பறித்து ஓலைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மூத்த பெண் கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இந்தத் தடவை கரையில் யாரும் இல்லை. என்னிடமிருந்து காவல் காக்க அங்கே இனி ஒன்றும் இல்லை.

"நான் அழகுக்காகத்தாம்மா எடுத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பிஞ்சு பறிப்பதை நிறுத்தவில்லை. "நான் அன்னிக்கே கேட்டேங்க. முள்ளக் கலைச்சது சர்க்கார் ஆளுன்னு நெனச்சு, திரும்பப் போடக்கூடப் பயந்துட்டேன்."

"இப்டி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார். "அதுக்குத்தானே முள்ளு."

  அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படம் இருக்கா? எல்லாரும் பாத்துட்டாக. நான்தான் பாக்கல" என்றார்.

துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் முதலில் படத்தைப் பார்க்கவில்லை. திருப்பி முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் முன்பக்கம் திருப்பினார். கல்லைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். ஒரு பாத்தியின் மேல் விரலை வைத்து, "இது முந்திப் போட்டது, மொதல்ல காச்சது இதுதான்" என்று தனக்குத்தானே சொன்னார். அந்த ஒரு கணம் அவர் முகம் தெளிவாக இருந்தது. நான் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்தது.

பிறகு விரலைக் கீழே நகர்த்தி வெள்ளை விளிம்பில் வைத்தார். "இங்கன என்ன எழுதியிருக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாது."

கண்மாயின் பெயரை வாசித்தேன். மாதத்தையும் தேதியையும் வாசித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் விரல் இன்னும் நகர்ந்து கடைசி வரிக்கு வந்து நின்றது.

"இது?"

"எடுத்தவர்னு போட்டு, என் பேரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெலத்த எடுத்தது நீங்கதான்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்களா?"

"ஆமா" என்றேன்.